இருவருக்கு ஒரு மைக்

பாட வந்தால் அக்கா முதலில் செய்கிற வேலை சப்பாத்தைக் கழற்றுவது. மார்கழிக் குளிராக இருந்தாலும் வெறும் காலுறையோடுதான் நிற்பார். என்னுடைய ஸ்டூடியோ ஒரு நிலவறை. முன்பு யாரோ தரைவிரிப்புகளை அடுக்கி வைத்திருந்த இடம். சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட நாலைந்து பழைய விரிப்புகள் மிஞ்சின. நிலத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தச் சீமெந்துத் தரையில் கால் விறைத்துப் போகும். அவருக்கென்று மொத்தமான வீட்டுச் செருப்பு ஒரு சோடி வாங்கி வைத்தேன். பார்த்துச் சிரித்தார்.

"வடிவாயிருக்கு அண்ணை. நீங்கள் போடுங்கோ" என்றார்.

நான்தான் போட்டேன். இன்னமும் அதுதான் என் காலில் கிடக்கிறது. அவருக்கு நான் செய்த பிழையைச் சொல்வதென்றால் அவருடைய கால்களிலிருந்துதான் தொடங்கவேண்டும். அவர் சத்தத்தைக் கூட்டியதும் குறைத்ததும் கால்களால்தான்.

என்னைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய தம்பி அப்படிக் கூப்பிட, அவனோடு வந்தவர்கள் அப்படிக் கூப்பிட, கடைசியில் ஹம்பேர்க்கில் பாதிச் சனத்துக்கு அவர் அக்காவாகிவிட்டார். அவர் என்னை அண்ணை என்பார், நான் அவரை அக்கா என்பேன். புதிதாக வருகிறவர்கள் எங்கள் உறவுமுறையைக் கண்டுபிடிக்க முடியாமல் முழிப்பார்கள். அக்காவும் தம்பியும் சேர்ந்து பாடிய அந்தச் சோடிக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொன்னால் நீங்கள் தேடிப் பார்ப்பீர்கள், அவருக்கு அது பிடிக்காது. ஆகவே சொல்லவில்லை.

அவர்கள் பாடியது சோல். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு, வாசலைத் தாண்டி வெளியே வந்து காதலையும் பிரிவையும் பாடத் தொடங்கியபோது பிறந்த இசை என்று தம்பி எனக்கு விளக்கினான். நான் துறைமுகத்துப் பண்டகசாலையில் வேலை செய்துகொண்டு, வார இறுதிகளில் கலியாணத்துக்கும், பூப்புச் சடங்கு நடக்கிற சாமத்தியவீட்டுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மேளக்கச்சேரியும் சினிமாப் பாட்டும். மன்னாரிலிருந்து அகதியாக வந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு இந்த இசை எங்கே பிடிபட்டது என்று கேட்டேன்.

அவர்களுடைய தாய் ஒரு ஜெர்மன் தேவாலயத்தைத் துப்புரவு செய்கிற வேலைக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அந்தத் தேவாலயத்தில் கானா நாட்டு மக்கள் கூடிப் பாடுவார்கள். தாய் வேலை முடித்து வரும்வரை பிள்ளைகள் இருவரும் கடைசி வாங்கில் குந்தியிருப்பார்கள். ஒருநாள் பாடற்குழுவை நடத்திய அம்மா ஒருவர் வந்து இருவரையும் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்திவிட்டாராம். இருபது பேருக்கு ஒரே மைக். யாருடைய குரல் வேண்டுமோ அவர் ஒரு அடி முன்னே வரவேண்டும், முடிந்ததும் பின்னே போகவேண்டும். அக்காவின் படிப்பு அதுதான். கீழ்க்குரலில் பாடுகிறவர் என்பதால் அவர் முன்னே வந்த நேரம் குறைவு.

முதல் நாள் என் ஸ்டூடியோவில் நான் இரண்டு மைக் வைத்திருந்தேன். கடன்வாங்கிக் கொண்டுவந்த நல்ல சாமான். அக்கா ஒன்றைக் கழற்றி, அலுங்காமல் கொண்டுபோய் மூலையில் வைத்தார்.

"எங்கள் ரெண்டு பேருக்கும் ஒண்டு காணும் அண்ணை."

"ரெண்டு இருந்தால் பிறகு எனக்குக் கூட்டிக் குறைக்க லேசு" என்றேன்.

"நீங்கள் கூட்ட வேண்டாம். நாங்கள் காலாலை கூட்டுவம்."

எனக்குக் கோபம் வந்தது. ஒலிப்பதிவுகாரனிடம் வந்து நீ கூட்ட வேண்டாம் என்றால் பிறகு நான் எதற்கு? அக்கா என் முகத்தைக் கவனிக்கவில்லை. நீல நிறப் பசைநாடாவைக் கிழித்து நிலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். மைக்கிலிருந்து ஒரு சாணில் ஒன்று, ஒரு முழத்தில் ஒன்று, இன்னும் பின்னே ஒன்று. தனக்கு மூன்று துண்டு, தம்பிக்கு இரண்டு. பாடத் தொடங்கியதும் எனக்குப் புரிந்தது. தம்பியின் குரல் மேலே ஏறுகிற இடத்தில் அவர் காலடி கேட்காத மாதிரி ஒரு அடி பின்னே வைத்தார். அவன் மூச்செடுக்கிற இடத்தில் முன்னே வந்து அந்தக் குரலைத் தாங்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அன்று பதிந்ததில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு அதுவும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த அறைக்கு ஒரு குறை உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்-பான் என்கிற நகர ரயில் போகும், அறை முழுவதும் உறுமும். என்ன மறைத்தாலும் மைக்கில் விழும். அக்கா அதை ஒரு குறையாக எடுக்கவில்லை. உறுமல் தொடங்கினால் கையை உயர்த்துவார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம். பகிடி பாதியில் நிற்கும், சண்டையும் பாதியில் நிற்கும். "போகட்டும்" என்பார். ரயில் போனபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். ஐந்து நிமிட இடைவெளிக்குள் ஒரு பாட்டு முடியவேண்டும் என்பதால் அவர்களுடைய பாட்டெல்லாம் மூன்றரை நிமிடத்துக்கு மேலே போகாது. நாலு பாட்டுகளோடு முதல் இசைத்தட்டு வந்தபோது ஒரு பத்திரிகையில், ஒரு சொல்கூட மிகையில்லாத கட்டுப்பாடு என்று எழுதினார்கள். அக்கா அதை வெட்டி எனக்குக் கொண்டுவந்து தந்தார். "ரயில்வேக்கு அனுப்பிவிடுங்கோ அண்ணை" என்றார்.

அந்த இசைத்தட்டு வானொலியில் போனது. பெரிய ஆட்கள் ஆகிவிடவில்லை. ஆனால் கூப்பிடத் தொடங்கினார்கள். பெர்லினில் ஒரு சின்ன மண்டபத்தில் பாடப்போனபோது நானும் போனேன். அந்த மண்டபத்து ஒலிக்காரன் மேடையில் இரண்டு மைக் நட்டு வைத்திருந்தான். அக்கா சப்பாத்தைக் கழற்றினார், ஒரு மைக்கைத் தாங்கியோடு தூக்கிக்கொண்டுபோய், பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்துவதுபோலச் சுவரைப் பார்க்க நிறுத்தினார். சனம் அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியாக்கும் என்று நினைத்துக் கைதட்டியது.

எங்களுடைய ஆட்கள் மட்டும் மசியவில்லை. "உதென்ன பாட்டு, ஒண்டும் விளங்கேல்லை. ரெண்டு பழைய பாட்டுப் பாடுங்கோவன்" என்று கலியாண வீடுகளில் கேட்பார்கள். அக்கா மாட்டேன் என்று சொன்னதில்லை. பாடுவார். அங்கேயும் ஒரே மைக்தான். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஆளுக்கொன்று தா என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள்.

அவருடைய வேலை முதியோர் இல்லத்தில். ஒருமுறை கிறிஸ்து பிறப்பு நத்தார் விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டப் போனபோது அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். ஒவ்வொருவரிடமும் பேச அவருக்கு ஒவ்வொரு தூரம் இருந்தது.

"இந்த மனிசிக்கு வலப்பக்கத்தாலை, ஒரு முழத்திலை நிண்டு சொல்லவேணும். கிட்டப் போனால் பயப்பிடுவா" என்று எனக்குக் காட்டித் தந்தார். யன்னலோரம் இருந்த ஒருவரைக் கண்ணால் காட்டி, "உவருக்குக் கதவடியிலை நிண்டாலே கேக்கும். காது நல்ல காது. கேக்க மனமில்லை, அவ்வளவுதான்" என்றார்.

இரண்டாவது இசைத்தட்டுக்குப் பத்துப் பாட்டு என்று தீர்மானித்தோம். பெர்லினில் ஒரு நிறுவனம் வெளியிட ஆசைப்பட்டது, திகதியும் குறித்துவிட்டது. மூன்று பாட்டு முடிந்திருந்த நேரத்தில் கொரோனா வந்தது. அக்காவின் இல்லத்தில் கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். தன்னிடமிருந்து தம்பிக்கும் அவன் மனைவிக்கும் தொற்றிவிடும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் அவர் அவன் வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. சமைத்துக் கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டுத் தெருவில் நின்று கைகாட்டுவாராம்.

அப்போது நான்தான் யோசனை சொன்னேன். நிலவறையில் இன்னொரு சின்ன அறை இருந்தது. நடுவில் கண்ணாடி போட்டேன். அக்கா இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம், ஆளுக்கொரு மைக், காதில் ஹெட்போன்.

அக்கா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார்.

"ரெண்டாப் பதிஞ்சால் பிறகு ஆரும் ஒண்டை எடுத்துப்போட்டு மற்றதை வைச்சிருக்கலாம் எல்லே?"

"ஆர் எடுக்கப்போகினம் அக்கா?"

"எடுக்கலாமோ, எடுக்கேலாதோ?"

"எடுக்கலாம்தான். ஆனால் உங்களைக் கேக்காமல் இந்த அறையை விட்டு ஒரு சத்தமும் வெளியிலை போகாது. நான் சொல்லுறன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார். அந்த வாக்கை நான் மனதாரத்தான் கொடுத்தேன். அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. அப்படித்தான் நடந்தது.

அந்தப் பதிவில் அக்கா என்னைப் படாதபாடு படுத்தினார். தம்பியின் குரல் ஹெட்போனில் காணாது, கூட்டுங்கோ, இன்னும் கூட்டுங்கோ என்பார். ஒரு காதில் ஹெட்போனை விலக்கி வைத்துக்கொள்வார். அதிலிருந்து கசிகிற சத்தம் அவருடைய மைக்கில் விழும். பதிவு அழுக்காகிறது என்று கத்தினேன். "அவன்ரை குரல் கேக்காட்டி எனக்கு எங்கை நிக்கிறதெண்டு தெரியாது அண்ணை" என்றார். ரயிலுக்கு மட்டும் பழையபடி கையை உயர்த்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பியும் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

பத்துப் பாட்டும் முடிந்தது. பெர்லினிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மதிப்புக்குரிய ஒலிப்பொறியாளர் அவர்களுக்கு என்று தொடங்கியிருந்தது. என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. பதிவு மிக நன்றாக இருக்கிறது, மெருகேற்றுவதற்குக் குரல்களைத் தனித்தனியாக அனுப்பினால் நல்லது என்று எழுதியிருந்தார்கள். தம்பியைக் கேட்டேன். "அனுப்புங்கோ அண்ணை, அக்காட்டை நான் சொல்லுறன்" என்றான். அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அக்காவுக்கு அந்தக் கிழமை முழுவதும் வேலை, தொலைபேசி எடுக்கமாட்டார், இல்லத்தில் மரணம் என்றெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்ததால்தான் நான் கேட்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினேன், போய்விட்டது.

ஒரு பாட்டை மட்டும் வெளியிட்டார்கள். தம்பியின் பெயரில், தம்பியின் குரல் மட்டும்.

"றேடியோவுக்கு மட்டும் அப்பிடி எண்டுதான் சொன்னவை அண்ணை" என்று அவன் என்னிடம் சொன்னான். பிறகு அவர்களோடு தனியே ஒப்பந்தம் எழுதினான். பிறகு பெர்லினுக்குக் குடிபோனான். அவன் கெட்டவன் இல்லை. கதவு திறந்தால் உள்ளே போகிற ஆள், அவ்வளவுதான். மற்ற ஒன்பது பாட்டும் என்னிடமே தங்கிவிட்டன.

அக்கா அந்தப் பாட்டை முதன்முதலில் கேட்டது முதியோர் இல்லத்து வானொலியில், அந்த வலப்பக்கத்து மனிசிக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது. அடுத்த லீவு நாளில் என்னிடம் வந்தார். வணக்கம் சொன்னார், சப்பாத்தைக் கழற்றினார், பழைய இடத்தில், நீல நாடாவில் போய் நின்றார்.

"போடுங்கோ அண்ணை" என்றார்.

போட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. கால்கள் மட்டும் அசைந்தன. முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி, பிறகு இன்னும் பின்னே. எனக்குப் பார்க்க முடியவில்லை. கருவியில் ஏதோ வேலை இருக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

பாட்டு முடிந்ததும் சொன்னார்: "ரெண்டாவது சரணத்திலை அவன் கொஞ்சம் பொறுக்கிறான், பார்த்தியளோ? நான் வாறதுக்கு இடம் விடுறான். நான் வரேல்லை. பிறகும் விடுறான்."

அந்த இடைவெளியைத்தான் பத்திரிகைகள் புகழ்ந்திருந்தன. மௌனத்தை இவ்வளவு துணிவாகக் கையாளும் ஓர் இளம் பாடகர் என்று எழுதியிருந்தார்கள்.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். வந்தது, "தேத்தண்ணி போடட்டோ அக்கா?"

"வேண்டாம் அண்ணை. அலுவல் இருக்கு."

ஏன் அனுப்பினீர்கள் என்று அவர் கேட்கவேயில்லை. ஒரு ஏச்சாவது ஏசியிருக்கலாம். குந்தியிருந்து தன்னுடைய மூன்று நாடாத் துண்டுகளையும் நகத்தால் உரித்தெடுத்து, சுருட்டிக் குப்பையில் போட்டார். தம்பியின் இரண்டையும் தொடவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியேறினார். அதன்பின் அவர் பாடி நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள். பெரிய ஸ்டேசனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் எப்போதாவது காண்பேன். மரக்கறி தெரிவுசெய்துகொண்டே, "சுகமோ அண்ணை?" என்பார். ஓம் என்பேன். காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

போன மாதம் தம்பி வந்தான். சுவருக்குப் பின்னால் போகிற பாதையில் திருத்தவேலை, இன்று ரயில் ஒன்றும் ஓடவில்லை, பஸ் மாறி மாறி வந்தேன் என்று சலித்துக்கொண்டான். தலை லேசாக நரைத்திருந்தது. பெர்லின்காரர்கள் அவனைக் கைவிட்டுக் கனகாலம். இப்போது அவனே ஓர் இசைத்தட்டு வெளியிடப்போகிறான். அந்தப் பாட்டில் அக்காவின் குரலைத் திரும்பச் சேர்க்கவேண்டும்.

"அக்காவின்ரை குரல் தனியா இருக்கோ அண்ணை?"

இருந்தது. போட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தக் கீழ்க்குரல் அறைக்குள் வந்தது. அதற்குப் பின்னால் மெல்லிதாக, நுளம்பு ரீங்கரிக்கிற அளவுக்கு, தம்பியின் குரலும் கேட்டது. அன்று ஹெட்போனிலிருந்து கசிந்தது.

"உது என்ன? என்ரை குரலோ?" என்றான்.

"ஓம்."

"எடுத்துவிடேலாதோ? தனியா அக்கா மட்டும்?"

"ஏலாது. ரெண்டும் ஒண்டாக் கிடக்கு."

அவன் இன்னொருமுறை போடச்சொல்லிக் கேட்டான். பிறகு, "பரவாயில்லை, அப்பிடியே தாங்கோ" என்றான். இந்த முறை கேட்காமல் தரமாட்டேன் என்றேன். அவனுக்கு முன்னாலேயே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இருவருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைத் திறந்து மேசையில் வைத்தேன்.

விசயத்தைச் சொன்னேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உது நீங்கள் கேக்கிறியளோ, அவன் கேக்கிறானோ?"

"அவன்தான் அக்கா. இஞ்சைதான் இருக்கிறான்."

"அப்ப அவனைக் கேக்கச் சொல்லுங்கோ. கேட்டால் நான் ஓம் எண்டுவன்."

நான் தம்பியைப் பார்த்தேன். தொலைபேசிக்கும் அவனுக்கும் ஒரு முழம்கூட இல்லை. அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அவனுடைய இரண்டு நீலத் துண்டுகளும் அழுக்கேறி ஒட்டியபடி இருந்தன. அவன் வாய் திறந்தது, மூடியது. அவனுக்காவது ஒரு கேள்விதான் கேட்கவேண்டியிருந்தது. எனக்கோ மன்னிப்பே கேட்கவேண்டியிருந்தது, இதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வரப்போவதில்லை என்பதும் தெரிந்தது. அப்படியிருந்தும் இரண்டு ஆம்பிளைகள் மேசையைச் சுற்றி இருந்துகொண்டு ஒரு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணை?" என்றார் அக்கா. பிறகு, "ரயில் போகுதோ?"

"ஓம் அக்கா" என்றேன். "ரயில்."

"சரி, போகட்டும். நான் நிக்கிறன்" என்றார்.

நின்றார். அவர் மூச்சுவிடுவது எங்கள் இருவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.